கையை எந்த உயரத்தில் வைப்பது

சீழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். வெள்ளை உடுப்பு, கனிவான கண்கள், ஜன்னலோரம் ஒரு குருவி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சீழ் எங்கே போயிற்று? என் வலது தோளில் டாக்டர் ஊசியைக் குத்தி இழுத்தபோது கண்ணாடிக் குழாய்க்குள் ஏறியது திரிந்த பால் மாதிரி இருந்தது. மஞ்சள் தண்ணீர், அதில் மிதக்கும் வெள்ளைக் கட்டிகள். பக்கத்தில் நின்ற தாதி (அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்) முகத்தைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பினேன். இதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஆறு மாதமாக மற்றவர்கள் அடித்த பந்துக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன் என்று நினைத்ததும் வாந்தி வந்தது. எடுத்தேன். அதையும் மிஸ்ஸிதான் துடைத்தார்.

எனக்கு இருபத்தொரு வயது. நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஹட்டனில் எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவன். என் தொழில் கிரிக்கெட். அதிலும் மட்டை பிடிப்பதோ பந்து வீசுவதோ இல்லை. மைதானத்தின் கோடியில், எல்லைக்கோட்டருகே நிற்பது. பந்து அந்தப் பக்கம் வந்தால் ஓடிப் பிடிப்பது. பிடித்ததை நடுவுக்கு எறிவது. ஐந்து வருஷம் இதைத்தான் செய்தேன், சம்பளத்துக்கு.

துரைமார் கிளப் மைதானம் மலையைக் குடைந்து வெட்டியது. மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் தேயிலைக்குள் சரிந்து இறங்கும். பகல் சாப்பாடும் பியரும் உள்ளே போனபிறகு அந்தச் சரிவுப் பக்கம் ஓட எந்தத் துரைக்கும் கால் வராது. பதினாறு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு கீழ்ப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். பந்து தேயிலைச் செடிகளுக்குள் வந்து விழுந்தது. எடுத்து அங்கிருந்தே எறிந்தேன். அது தரையில் படாமல் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவரின் கையுறையில் போய் அடித்தது. எங்கள் தோட்டத்துத் துரை இடுப்பில் கை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து களைத்துப்போன துரைக்குப் பதிலாக நான் நின்றேன். அவர்களுடைய ஆட்டப் புத்தகத்தில் பதினொரு துரைமார் பெயர் இருக்கும். நான் பிடித்தால் ‘ஸப்’ என்று எழுதுவார்கள். பதில் ஆள் என்று அர்த்தம். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. தேத்தண்ணி தனிக் கோப்பையில், மரத்தடியில்.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் ஜன்னலோரக் குருவியை எழுதுகிறவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். எங்கள் பக்கம் மூடுபனி இறங்கினால் மட்டைக்காரன் நிழலாகத்தான் தெரிவான். பந்து தெரியவே தெரியாது. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே ஓட வேண்டும். ‘டக்’ என்று கனமாகக் கேட்டால் பின்னால், ‘டிக்’ என்றால் முன்னால். நான் ஓடிப்போய் நின்ற இடத்தில் பனிக்குள்ளிருந்து பந்து வந்து விழும்போது, இந்த மலையில் அது எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று தோன்றும்.

சம்பளம் எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை அதில்தான் சிக்கிக்கொண்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, வேலைக்குப் போய், முடித்து வந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தில் அவனுக்கு ஒரு பேர் போடுவார். பாதியில் திரும்பினால் அரைப்பேர். செக்ரோலில் கொழுந்துக்கு ஒரு பத்தி, கவ்வாத்துக்கு ஒரு பத்தி, புல்லு வெட்டுக்கு ஒரு பத்தி. பந்து பிடிப்பதற்குப் பத்தி கிடையாது. துரை வாயால் சொல்லிவிட்டார்: புல்லு வெட்டில் போடு. ஆட்ட நாளிலும் போட்டார்கள். மற்ற நாட்களில் துரைமாருக்குப் பந்து எறிந்து பழக்கினேன், மைதானத்தை உருட்டினேன், அதற்கும் போட்டார்கள். இப்படி ஒரு புல்லைக்கூடத் தொடாமல் தோட்டத்திலேயே தவறாமல் வேலைக்கு வந்த புல்லு வெட்டுக்காரனாக இருந்தேன். போட்டவர் என் அக்காவின் புருஷன். அவர்தான் எங்கள் டிவிஷன் கணக்கப்பிள்ளை. “அடுத்த சீசன் முடியட்டும், ஆபீசில் உனக்கு ஒரு மேசை” என்று துரை ஒவ்வொரு சீசனும் சொன்னார். ஒவ்வொரு சீசனும் நம்பினேன். இதை எழுதும்போது குமட்டுவது சீழை எழுதியபோது குமட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

வலி ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. பல்வலி மாதிரி, ஆனால் தோளுக்குள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா விரலால் இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டு, “எறிஞ்சு எறிஞ்சு புடிச்சிருக்குடா, தைலம் போடு” என்றார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோரும் சுளுக்கு என்றார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. மேல் லயத்தில் அப்படி ஒருவர் இருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி இரும்பாகிப்போன விரல்கள். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, முழங்காலை என் விலாவில் வைத்து, “நரம்பு பெரண்டு கெடக்கு சாமி, கத்தாதீங்க” என்று மூன்று வாரம் பிசைந்தார். இதைப் படிக்கிற யாருக்காவது மாதக்கணக்கில் தோள் வலித்து, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சலும் வந்தால், தயவுசெய்து பிசைய விடாதீர்கள். எண்ணெயில் பொரித்த மாதிரி நோய் உள்ளே நன்றாக வெந்து பரவும்.

அந்தச் சீசனின் கடைசி ஆட்டத்தில் கோடியிலிருந்து எறிந்தேன். பந்து பாதி வழியில் செத்து விழுந்து உருண்டது. துரை அங்கிருந்து கத்தினார்: “தூக்கமா, பையா?” மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் காலை கை சட்டைக்குள் போகவில்லை. அக்காதான் கையைப் பிடித்து நுழைத்துவிட்டாள். தோளைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இந்தப் பக்கம் சதையே காணோமே?” என்றாள். அதுவரை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. ஒரு தோள் உருண்டையாக இருந்தது. மற்றது ஆணியில் மாட்டிய கோட்டு மாதிரி தொங்கியது.

டிஸ்பென்சர் ஐயா ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். தோட்டத்து ஆள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அந்தத் துண்டு வேண்டும். அதில் இருந்தது: ‘வலது தோள் வலி. வேலை, புல்லு வெட்டு.’

ஆஸ்பத்திரி எதுவென்று சொல்லப்போவதில்லை. மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஹட்டனில் ரயிலேறினால் றொசல்ல தாண்டும்வரை தேயிலை, அதற்குப்பிறகு காது அடைத்துத் திறக்கும், வேர்க்கத் தொடங்கும். காலை ஏழு மணிக்கு வாங்கில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை அதே வாங்கு. தரை கழுவிய லைசால் வாடை, நனைந்த குடை வாடை, யாரோ மூலையில் துப்பிய வெற்றிலை. முன்னால் இருந்த மனிதர் இருமியதையெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்து, மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார். அவரைப் பார்த்து அருவருத்து நகர்ந்து உட்கார்ந்தேன். நாலு நாளில் சோதனைக்குச் சளி கேட்பார்கள், நானும் அதே டப்பாவை வைத்துக்கொண்டு அதே மாதிரி பார்க்கப்போகிறேன் என்று தெரியாது.

இரத்தம் எடுத்தார்கள். முன்கையில் தோலுக்கடியில் ஏதோ மருந்து குத்தி, இரண்டு நாள் கழித்து அது சிவந்து வீங்கியதை அளந்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள், தோளைப் படம் பிடித்தார்கள். பெரிய டாக்டர், எலும்பு வைத்தியத்தில் தேர்ந்தவர், சிங்களவர், தோள் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். புஜத்து எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். என்னுடையது பன்றி கிளறிய கிழங்கு மாதிரி இருந்தது.

“டி.பி.,” என்றார் இங்கிலீஷில். “நெஞ்சில் இல்லை. தோள் மூட்டில்.”

நெஞ்சில் வருவதுதான் சயரோகம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கிருமி இரத்தத்தில் போய் மூட்டிலும் உட்காரலாமாம். உட்கார்ந்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தின்றதன் மிச்சம்தான் அந்தத் திரிந்த பால்.

“திரும்ப எறியலாமா, சார்?” என்று கேட்டேன்.

எதை எறிவது என்று அவர் கேட்கவில்லை. கல்லையோ கொழுந்துக் கூடையையோ நினைத்திருப்பார். “மருந்து கேட்கிறதா என்று முதலில் பார்ப்போம்” என்றார்.

புது மருந்து அப்போதுதான் வந்திருந்தது. தினமும் பிட்டத்தில் ஒரு ஊசி. போட்டுக் கொஞ்ச நாளில் காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கும், எழுந்தால் தரை சாயும். அதோடு ஒரு பொடி, ‘பாஸ்’ என்று பெயர். உலகத்தில் அதைவிடக் கேடுகெட்ட பண்டம் இருக்காது. கைநிறையக் கொடுப்பார்கள், நாளைக்கு நாலு வேளை. கசப்பும் புளிப்பும் சேர்ந்து, விழுங்கியபிறகும் ஏப்பமாகத் திரும்பித் திரும்பி வரும். அதற்குமேல் மீன் எண்ணெய். வார்ட்டில் எல்லோர் வாயும் ஒரே மாதிரி நாறியது. மூட்டைப்பூச்சி கட்டில் சட்டத்து ஓட்டைகளில் குடும்பம் நடத்தியது. நசுக்கினால் அதற்கும் ஒரு நாற்றம். மலத்தட்டு வர நேரமானால் என்ன ஆகும் என்பதை எழுதலாம், ஆனால் அக்காவும் இதை வாசிக்கப்போகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் இராமையா அண்ணன். றொசல்லப் பக்கம் ரயில் பாதையில் வேலை செய்கிறவர், கால் முறிந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். முதல் நாளே கேட்டார்: “என்னா தம்பி, பொடியை மோந்து பாக்குறீங்க? மோந்தா குடிக்க மாட்டீங்க. மூக்கைப் புடிச்சிக்கிட்டு, ஒங்களுக்குப் புடிக்காத ஆள் பேரைச் சொல்லி முழுங்குங்க.”

“யார் பேரைச் சொல்ல?”

“அதுக்கும் நாந்தான் சொல்லித் தரணுமா? எனக்கு எங்க இன்ஸ்பெக்டர் இருக்காரு. நாலு வேளைக்கும் பத்தும்.”

நான் அப்போது யார் பெயரையும் சொல்லவில்லை. துரை வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. மச்சான் வழியாக ஒரு பழைய பந்து கொடுத்தனுப்பினார், அமுக்கி அமுக்கிக் கையைப் பழக்கிக்கொள்ளச் சொல்லி. ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. மிஸ்ஸி அதை வாங்கி வார்ட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் அடியில் வைத்துவிட்டார். அது ஒன்றுதான் அந்தப் பந்தால் ஆன உபயோகம்.

அக்கா இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வந்தாள். விடியற்காலை நடந்து, பஸ்ஸைப் பிடித்து, ரயிலைப் பிடித்து, துணியில் சுற்றிய ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். நாலு அவித்த முட்டை. அவள் வீட்டுக் கோழி போட்டவை என்பதும், அவள் பிள்ளைகள் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நாலையும் தின்றேன். நோயாளி அப்படி ஒரு மிருகம். லயத்தில் சிலர் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவள் என் எச்சில் கோப்பையிலேயே தேத்தண்ணி குடித்தாள். “மிச்சம் வச்சிருக்கியே, வீணாப் போகுது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். காய்ச்சல் நின்றிருந்தது, உடம்பு தேறியிருந்தது, மூட்டு மட்டும் தேறவில்லை. டாக்டர் சொன்னது இது: மூட்டைத் திறந்து அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புஜத்து எலும்பையும் தோள்பட்டை எலும்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிவிடுவது. கெழுத்தி மீன் முள் மாதிரி அசையாமல் நிற்கும். வலி இருக்காது, நோய் தங்க இடம் இருக்காது. முழங்கை மடங்கும், விரல்கள் வேலை செய்யும். தோள் மட்டும் சுழலாது.

தோள் சுழலாமல் எறிய முடியாது. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அன்று முழுவதும் ஒரு கணக்குப் போட்டேன். இவர் ஏன் ஒட்டச் சொல்கிறார்? துண்டில் புல்லு வெட்டு என்று இருப்பதால். புல்லு வெட்டுகிறவனுக்கு அசையாத தோளே போதும் என்று நினைக்கிறார். நான் எறிகிறவன், எறிந்துதான் பிழைக்கிறேன் என்று தெரிந்தால் மூட்டைக் காப்பாற்ற வேறு வழி பார்ப்பார். இராமையா அண்ணனிடம் சொன்னேன். அவர் கயிற்றில் தொங்கும் காலைப் பார்த்துக்கொண்டே, “அப்ப சொல்லிருங்க தம்பி. இதுல என்னா இருக்கு?” என்றார்.

என்ன இருந்தது என்பது அடுத்த நாள் வந்தது. வீட்டார் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அனுப்பியதால் அக்காவும் மச்சானும் காலையிலேயே வந்துவிட்டார்கள். டாக்டர் வரும் நேரத்துக்கு முன் மச்சான் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். ஆள் நல்லவர். கோபமாக ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

“தம்பி, ஒன்னு சொன்னா கேப்பீங்களா? கிரிக்கெட் கதையை இங்க எடுக்காதீங்க.”

“ஏன் மச்சான்?”

“துண்டுல புல்லு வெட்டு. செக்ரோல்லயும் புல்லு வெட்டு. இவங்க தோட்டத்துக்கு எழுதிக் கேட்டா? தொரை வாயாலதான் சொன்னாரு. கையெழுத்து என்னுது. பொய்ப்பேர் போட்டான்னு என்னைத்தான் நிறுத்துவாங்க. குடியிருக்கிற காம்பராவ விட்டு எறங்கச் சொல்லுவாங்க. ஒங்க அக்காளையும் மூணு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“என் கை போகுதே, மச்சான்.”

“கை போகலையே, ஒட்டத்தானே போறாங்க?”

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவும் பிடிக்கவில்லை. அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்தார். மிஸ்ஸி சீட்டை நீட்டினார். அவர் என் வலது கையை முழங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் விரற்கடை அளவு நகர்த்திப் பார்த்தார்.

“புல் வெட்டுகிறவன். சரி. புல் சுரண்டியை எப்படிப் பிடிப்பாய்? இடது கையால் காட்டு. எவ்வளவு குனிவாய்?”

கேள்வி எனக்குப் புரியவில்லை. ஏன் கேட்கிறார்? மச்சான் என்னைப் பார்த்தார். நான் கட்டிலை விட்டு இறங்கி, கொஞ்சம் குனிந்து, இல்லாத சுரண்டியைப் பிடித்தேன்.

இராமையா அண்ணன் கயிறு ஆட ஆடச் சிரித்துவிட்டார். “அட, அது என்னா புடி? தொரை மட்டை புடிக்கிறாப்பல இருக்கு!”

டாக்டர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். புல்லு வெட்டுகிறவர் கையில் காய்ப்பு இருக்கும், கொட்டைப் பாக்கு மாதிரி. என் கையில் பேனா பிடித்த விரலில்தான் கொஞ்சம் தடிப்பு. அவர் மச்சான் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “இவன் என்ன வேலை செய்றது?”

“புல்லு வெட்டுங்க, டாக்டரய்யா,” என்றார் மச்சான். “அஞ்சு வருஷமா. நல்ல வேலைக்காரன்.”

“பொய்யிங்கய்யா,” என்றாள் அக்கா.

அவள் குரல் உயரவில்லை. கட்டில் காலை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். “என் தம்பி ஒரு நாளும் புல்லு வெட்டுனதில்லைங்க. தொரைமாருக்குப் பந்து பொறுக்கிப் போட்டான். இவருதான் புல்லு வெட்டுன்னு பேர் போட்டாரு. போடச் சொன்னாங்க, போட்டாரு. தப்புத்தான். எங்களைத் தோட்டத்தை விட்டு எறக்குனாலும் சரிங்கய்யா, அவன் கைக்கு என்னா வேணுமோ அதைப் பாத்துச் செய்யுங்க.”

‘பந்து பொறுக்கி.’ ஐந்து வருஷத்தை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். ரோஷம் வந்தது.

நான் இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். மைதானம், ஸப், செக்ரோல், மச்சான் கையெழுத்து, எல்லாம். டாக்டர் கேட்டுவிட்டு மிஸ்ஸியைப் பார்த்தார். “இவர்களுடைய தோட்டத்துப் புத்தகத்தை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கு வேறு வேலை இல்லையா?” என்றார். அவ்வளவுதான். மச்சான் இரவெல்லாம் விழித்துப் பயந்ததும், நான் அவரை வெறுத்ததும், எல்லாம் யாருமே கேட்காத ஒரு கேள்விக்கு.

“அப்படியானால் ஒட்ட மாட்டீர்கள்தானே, சார்? எறிகிறவனுக்கு வேறு என்ன செய்வீர்கள்?”

“இதே அறுவைதான். மூட்டு போய்விட்டது, அப்பனே. நீ எறிந்தாலும் வெட்டினாலும் ஒட்டித்தான் ஆக வேண்டும். நான் உன் வேலையைக் கேட்டது அதற்கல்ல. எந்த உயரத்தில் ஒட்டுவது என்பதற்கு.”

கையைத் தூக்கிக் காட்டினார். ஒட்டியபின் தோள் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் சாகும்வரை. சோற்றுக் கை வாய்க்கு எட்டும், அதை அவர் பார்த்துக்கொள்வார். மற்றது வேலையைப் பொறுத்தது. இவ்வளவு தாழ்த்தி முன்னால் வைத்தால் குனிந்து மண்ணில் வேலை செய்யலாம். இவ்வளவு உயர்த்தி வைத்தால் மேசைமேல் முன்கை வசமாகப் படியும், எழுதலாம். ஆனால் மண் வேலைக்கு அந்தக் கை ஆகாது. துண்டைப் பார்த்து மண்ணுக்கு என்று குறித்து வைத்திருந்தாராம். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், செய்யாத ஒரு வேலைக்கு ஏற்றபடி என் எலும்பை ஒட்டியிருப்பார்கள். செக்ரோலில் போட்ட பொய் என் தோளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

“எறிகிறவனுக்கு எந்த உயரம், சார்?” என்று இன்னொரு தரம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அதற்கு ஒரு உயரம் கிடையாது,” என்றார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. “சொல். எதற்கு வைக்க?”

மச்சான் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். “தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க. எழுத்து வேலை எங்க இருக்கு? மண் வேலைக்கு ஆகாத கைன்னா பெரட்டுல யாரு பேர் போடுவா?” அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆபீசில் எனக்கு மேசை இல்லை என்பது அந்த வார்ட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குந்தான்.

அக்கா என்னையே பார்த்தாள்.

“எழுத,” என்றேன்.

டாக்டர் சீட்டில் ஒரு கோடு அடித்து ஏதோ எழுதினார். மச்சான் கையெழுத்துப் போட்டார்.

அறுவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஈதர் வாடை, பிறகு தாகம். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு எலும்பு எடுத்துத் தோளில் வைத்தார்களாம். கண் விழித்தபோது இடுப்பிலிருந்து கழுத்துவரை பாரிஸ் சாந்தில் மாவுக்கட்டுக் கவசம். வலது கை அதற்குள் பக்கவாட்டில் நீட்டியபடி. இராமையா அண்ணன் காத்திருந்தார். “சிக்னல் கை நேரா நிக்குது. ஒரு ரயிலும் வராது, நிம்மதியாப் படுங்க” என்றார். அன்றிலிருந்து வார்ட்டில் என் பெயர் சிக்னல். நாலு மாதம் அந்தக் கவசத்துக்குள் இருந்தேன். கட்டிலிலிருந்த மூட்டைப்பூச்சிகள் புது வீடு கிடைத்தது என்று உள்ளே குடிவந்தன. கையை விட்டுச் சொறிய முடியாது. அக்கா கொண்டைக் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கவசத்தை வெட்டிப் பிரித்தபோது வந்த நாற்றம் செத்த எலியுடையது. தோல் சருகு சருகாக உரிந்தது. மிஸ்ஸி மூன்று தரம் கழுவினார். அப்போதும் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்கு நன்றி சொல்லத் தெரியாமல், “மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி” என்றேன்.

நோய் போய்விட்டது. தோள் அசையாது. தலை சீவ இடது கை. சட்டை போட அக்கா. லயத்துக் கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டும். யாரும் மச்சானை வேலையை விட்டு நிறுத்தவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை. என்னை மட்டும் செக்ரோலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவர் சொன்ன மாதிரியே.

போன மாதம் மச்சான் வேலை விட்டு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: “தம்பி, தொரை விசாரிச்சாரு. கை எழுதுமான்னு கேட்டாரு.”

“ஆபீஸா, மச்சான்?”

“சனிக்கிழமை ஆட்டமாம். ஓட்டம் எழுதுற தொரைக்குச் சொகமில்லையாம். ஆட்டப் புத்தகத்தை வந்து எழுதச் சொன்னாரு. பேர் போட்டுத் தரச் சொல்லியிருக்காரு.”

“எதுல போடுவீங்க?”

அவர் கீழே பார்த்தார். “புல்லு வெட்டுலதான்.”

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அக்கா சிரிக்கத் தொடங்கினாள். பிள்ளைகளும் ஏனென்று தெரியாமல் சிரித்தன. கடைசியில் மச்சானும் சிரித்துவிட்டார், தலையில் கை வைத்துக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பாஸ் பொடி தொண்டைக்குத் திரும்பி வந்தது.

அன்றே, நின்றபடி ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். டாக்டர் என் கையை எழுத்து வேலைக்காக வைத்திருக்கிறார். ஆட்டப் புத்தகம் எழுத வருகிறேன். ஆனால் அன்றைக்கு நான் செய்யும் வேலையின் பெயரிலேயே எனக்குப் பேர் போட வேண்டும். அதற்குப் பத்தி இல்லையென்றால் ஒரு பத்தி வரைந்துகொள்ளலாம். கோடு போட எனக்குத் தெரியும். மச்சான் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். அது சின்னக் காரியமில்லை.

சனிக்கிழமை போயிற்று. பதில் இல்லை. மைதானத்துப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ எழுதியிருப்பார்கள்.

அதற்கடுத்த நாள் இதை எழுதலாம் என்று தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்முன் உட்கார்ந்தேன். பெட்டி தாழ்வாக இருந்தது. என் கை அந்தரத்தில் நின்றது. பேனா முனை காகிதத்துக்கு எட்டவில்லை. கை இறங்காது. அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். வெளியே போய் நாலு செங்கல் கொண்டுவந்து, பெட்டியின் நாலு மூலைக்கும் கொடுத்து உயர்த்தினாள்.

“இப்ப?” என்றாள்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் நாலு செங்கல் வைத்தாள். இப்போது சரியாக இருக்கிறது.